தட்டைக்குண்டும் தாராள மனசும்

துப்பாக்கி மருந்து நிறுக்கிற இயந்திரத்துக்கு வானிலையைப் பற்றிப் பேச என்ன வேலை இருக்கிறது என்பது மங்கையர்க்கரசிக்குப் புரியவில்லை. அது வந்து சேர்ந்த நாளிலிருந்தே புரியவில்லை.

"வெயிலு இன்னிக்கிக் கொஞ்சம் கூடத்தான், இல்லீங்களா மேடம்?" என்றது இயந்திரம்.

"வாய மூடிட்டு மருந்தப் போடு."

"போட்டுட்டேன் மேடம். மோர் ஏதும் குடிச்சீங்களா?"

"நான் மோர் குடிச்சா உனக்கென்ன, ரசம் குடிச்சா உனக்கென்ன? பொழுது விடிஞ்சா பொழுது போனா தொணதொணன்னு. ஒன்ன எவன்டா பேச வச்சான்?"

"சரிங்க மேடம்," என்றது இயந்திரம், கோபப்படாமல். கோபப்படாததுதான் மங்கைக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மதுரைக்கு வெளியே, அழகர்கோயில் போகிற சாலையில் இருந்தது அந்தக் கைத்துப்பாக்கிக் கழகம். மங்கை அதன் மருந்து அலுவலர். வெளிநாட்டிலிருந்து தோட்டா வருவது நின்றுபோய்ச் சில வருடங்களாகிவிட்டன. ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எந்தக் காரணத்தாலும் தோட்டா வரவில்லை. அதனால் போட்டிக்குச் சுடுகிறவர்கள் சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளையே பொறுக்கிக் கழுவி, அடியில் மருந்துக்குப் பொறி கொடுக்கிற புது பிரைமர் வைத்து, உள்ளே மருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தி, மறுபடி தோட்டாவாக்கிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. கேட்பதற்கு இட்லி ஊற்றுவது மாதிரி இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், இட்லியில் மாவு கூடினால் இட்லி பெரிதாகும். இதில் மருந்து கூடினால் கை சிறிதாகும்.

அதனால் அரசு இரண்டு நிபந்தனை வைத்தது. ஒன்று, வேதியியல் படித்த ஒருவர் மேற்பார்வையில்தான் எல்லாம் நடக்க வேண்டும். அதுதான் மங்கை. இரண்டு, மருந்தை மனிதக் கை தொடவே கூடாது. முத்திரை வைத்த இயந்திரம் நிறுத்து நேராகக் கூட்டுக்குள் இறக்க வேண்டும். எங்கேயோ ஒருவர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு மருந்து நிறுத்ததன் விளைவு, பிற்பாடு சேர்ந்த இந்த இரண்டாவது நிபந்தனை.

இப்படிப்பட்ட இயந்திரத்தை யாரும் தனியாகச் செய்வதில்லை. மளிகைக்கடைகளில் சீரகமும் கசகசாவும் நிறுப்பதற்காகக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி பேசும் தராசு செய்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான கடைகளில் வருடக்கணக்காக உட்கார்ந்து, வாடிக்கையாளரோடு பேசிப் பேசி, வியாபாரத்தைத் தானாகவே கற்றுக்கொண்ட தராசு. கசகசாவை நிறுக்கிறது என்றால் மருந்தையும் நிறுக்கும் என்று யாரோ முடிவெடுத்து, முன்னால் ஒரு குழாயை மாட்டி, பின்னால் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களுக்கு முன் அது கழகத்துக்கு வந்த அன்றே எல்லோரும் அதை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மங்கை மட்டும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏய் என்பாள், இந்தா என்பாள், மனநிலை சரியில்லாத நாட்களில் இன்னும் சில சொல்வாள்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் சுடுவதை அவரவரே அடைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது ஆனால் கழகம் பொறுப்பில்லை என்பதைத்தான் செயலர் துரைசிங்கம் இப்படி அழகாகச் சொல்லி வைத்திருந்தார்.

அன்று காலை கார்மேகம் வந்தான். மாவட்டத்திலேயே நன்றாகச் சுடுகிற பையன்; மாவட்டத்திலேயே மரியாதையான பையனும் அவன்தான். ஆட்டோக்காரர் மீதிச் சில்லறை தராவிட்டாலும் நன்றி சொல்லிவிட்டு இறங்குவான்.

"வணக்கம் அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா?" என்றான் இயந்திரத்திடம்.

"ஆச்சு தம்பி. நீ சாப்பிட்டியா? மெலிஞ்ச மாதிரி தெரியுதே."

"அது சாப்பிடாதுடா," என்றாள் மங்கை. "அதுக்கு வயிறும் கெடையாது, கண்ணும் கெடையாது. மெலிஞ்சியாம். எந்தக் குண்டு எடுக்கப்போற?"

கார்மேகம் தயங்கினான். "அக்கா, குரூப்புல ஒருத்தர் போட்டிருந்தாரு. கூர்மூக்குக் குண்டு, கொஞ்சம் கனமானது, அது போட்டா இன்னும் நல்லா..."

"யாரு அவரு?"

"தெரியலைக்கா. புரொபைல்ல புலி படம் இருந்துச்சு."

மங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "புலி வந்து ஒனக்கு மருந்து போடுமா? இங்க பாரு. நீ சுடப்போறது காகிதத்த. தட்டைக்குண்டுதான் காகிதத்துல அச்சு வச்ச மாதிரி வட்டமா ஓட்டை போடும். கூர்மூக்கு கிழிச்சு விட்டுரும், நடுவர் கோட்டுக்கு அங்கிட்டா இங்கிட்டான்னு முழிப்பாரு. கனமான குண்டுன்னா அதுக்கு மருந்து வேற, அளவு வேற. ஒண்ணோட அளவ இன்னொண்ணுக்குப் போட முடியாது. குண்டு செஞ்சவன், மருந்து செஞ்சவன் ரெண்டு பேரும் சோதிச்சு ஒரு அளவு சொல்லிருக்கான். கீழ இருந்து ஆரம்பிச்சு அந்த அளவுக்குள்ள நிக்கணும். புலி சொன்னதுக்கு இல்ல."

"சரிக்கா. தட்டைக்குண்டே எடுத்துக்கிறேன். ரொம்ப நன்றிக்கா."

"ஒண்ணு தெரிஞ்சுக்க. தட்டைக்குண்டு கூட்டுக்குள்ள முழுசா அமுங்கி உக்காரும். உள்ள மருந்துக்கு இருக்கிறது எலி வளை மாதிரி எடம். அந்த எடத்துல ஒரு துளி கூடுனாலும் அழுத்தம் எங்கேயோ போயிரும். கூடவும் ஆகாது, கொறையவும் ஆகாது."

"கொறைஞ்சா என்னக்கா? மெதுவாப் போகும், அம்புட்டுத்தான?"

"போகாது. குழல்லயே நின்னுரும். நீ தெரியாம அடுத்ததச் சுட்டேன்னா அது போயி இதுல முட்டும். அப்பவும் ஒங்கையிலதான் வெடிக்கும்."

கார்மேகம் தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு நன்றி வீதம் சொல்லி, தோட்டாக்களை அடைத்துக்கொண்டு போனான்.

மாலையில் அவன் சுட்டுப் போட்ட கூடுகளைக் கழுவ எடுத்தபோது மங்கையின் கை நின்றது. கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர், மேடாக இல்லாமல், இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாகி விளிம்போடு ஒட்டிப்போயிருந்தது. அழுத்தம் மிஞ்சியதற்கு அதுதான் அறிகுறி. துப்பாக்கி பொறுத்துக்கொண்டிருக்கிறது, எத்தனை நாள் பொறுக்கும் என்று துப்பாக்கி சொல்லாது.

மீதமிருந்த அவன் தோட்டாக்களில் ஒன்றைப் பிரித்தாள். அவளிடம் கல்லூரிக் காலத்துச் சின்னத் தராசு ஒன்று மேசையில் இருந்தது. மருந்தைத் தனியாக நிறுப்பது விதிக்கு விரோதம் என்பதால், சட்டத்தின் கண்ணுக்கு அது காகிதம் பறக்காமல் வைக்கும் கனம். அதில் நிறுத்தாள். மருந்து கூட இருந்தது. எறும்பு தூக்கிக்கொண்டு போகிற அளவுதான். ஆனால் கூட.

உடனே அவளே ஒரு தோட்டா அடைத்துப் பிரித்துப் பார்த்தாள். மிகச் சரியாக இருந்தது. இன்னொன்று அடைத்தாள். அதுவும் சரி. மூன்றாவதும் சரி. நான்காவதை அடைக்கும்போது இயந்திரம், "எதுக்கு மேடம் இப்பிடி வீணாக்குறீங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. நான்காவதும் சரி.

மறுநாள் செயலரின் அறையில் விசாரணை மாதிரி ஒன்று நடந்தது.

"பையன் ஏதோ கைய வச்சிருக்கான்," என்றார் துரைசிங்கம். "வேகமாப் போகட்டும்னு கொஞ்சம் சேத்துப் போட்டிருப்பான்."

"சார், சத்தியமா இல்ல சார்," என்றான் கார்மேகம். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிருங்க சார்."

"செய்யலேன்னா எதுக்குடா மன்னிப்புக் கேக்குற?" என்று மங்கை கத்தினாள். "சார், மருந்த அவன் தொடவே முடியாது. குழாயிலருந்து நேரா கூட்டுக்குள்ள விழுது. இயந்திரத்துலதான் என்னமோ இருக்கு."

"இயந்திரத்த அதிகாரிங்க வந்து சோதிச்சு முத்திர வச்சிருக்காங்கம்மா. நீயும் சோதிச்ச. சரியா இருக்குன்னு நீயே சொல்ற. கொஞ்சம் கூடத்தான இருக்கு? கொறைச்சாத்தான் தப்பு. கூடப் போட்டா யாராச்சும் கொற சொல்லுவாங்களா?"

"சார், இது பருப்பு இல்ல."

"அதான் நானும் சொல்றேன், பருப்புக்கே யாரும்..."

"சார்."

"சரி சரி. அடுத்த மாசம் மாநில அணிக்குத் தேர்வு. நம்ம மைதானத்துலயே நடக்குது. இவன் சுடணும். கண்டுபிடி."

கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்வுக்காகத்தான் கார்மேகம் ஆறு வருடமாகப் பித்தளை பொறுக்கிக்கொண்டிருந்தான். காரணம் தெரியாமல் அவனைச் சுடவிட்டால் போவது அவன் கை. சுடவிடாமல் நிறுத்தினால் திருட்டுத்தனம் செய்தவன் என்ற பெயர் நிற்கும். மங்கை அவனைக் கூட்டிக்கொண்டு மருந்தறைக்குப் போனாள். "எப்பவும் எப்படி அடைப்பியோ அப்படியே அடை. நான் இல்லேன்னு நெனச்சுக்க," என்று சொல்லிவிட்டு, குழாயின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தாள்.

"வணக்கம் அண்ணாச்சி."

"வா தம்பி. மொகம் வாடியிருக்கே."

மருந்து இறங்கியது. திரையில் எடை நின்றது, சரியான அளவு. மணி அடித்தது. "ரொம்ப நன்றி அண்ணாச்சி," என்றான் கார்மேகம்.

குழாய் லேசாக ஒரு சிலுப்புச் சிலுப்பியது. ஒரு சிட்டிகை மருந்து கூட்டுக்குள் விழுந்தது. திரையில் எண் மாறவில்லை.

"அது என்னது?" என்றாள் மங்கை.

"எது மேடம்?"

"இப்ப போட்டியே, கடைசியா."

"ஓ, அதுவா. கொசுறு."

மங்கை குழாயின் அடியிலிருந்து கூட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அவள் வையாமல் இருப்பதைக் கார்மேகம் அதுவரை பார்த்ததில்லை, பயந்துபோனான்.

"கொசுறா?"

"ஆமா மேடம். நம்ம தம்பி. வந்தா ரெண்டு வார்த்த நல்லாப் பேசும். நிறுத்தத மட்டும் குடுத்து அனுப்புனா நல்லாவா இருக்கும்?"

"திரையில ஏன் காட்டல?"

"கொசுற யாராவது கணக்குல சேப்பாங்களா மேடம்?" இயந்திரத்தின் குரலில் முதல்முறையாக ஒரு சிறு மனத்தாங்கல் தெரிந்தது.

"எனக்கு ஒரு நாளும் போட்டதில்லையே."

"நீங்க கேக்கலையே மேடம். தவிர..." அது கொஞ்சம் தயங்கியது. "நீங்க கடையில சண்ட போடுற ஆளு. சண்ட போடுறவங்களுக்குச் சரியா நிறுத்துக் குடுத்து அனுப்பிரணும். அதுதான் நல்லது."

எல்லாம் விளங்கிவிட்டது. முத்திரை வைக்க வந்த அதிகாரிகள் அந்நியர்கள், சிரிக்காதவர்கள். அவர்களுக்கு எடை சரியாக இருந்தது. மங்கை வைகிறவள். அவளுக்கும் சரியாக இருந்தது. உலகத்தில் இருக்கிற சோதனை எல்லாவற்றையும் யாருக்கும் பிடிக்காத ஆட்களே செய்கிறார்கள். நல்ல பிள்ளைகள் கையில்தான் வெடிக்கும்.

அவள் இயந்திரத்துக்கு எடுத்துச் சொன்னாள். எலி வளை, அழுத்தம், கை எல்லாவற்றையும். இயந்திரம் பொறுமையாகக் கேட்டது.

"அய்யய்யோ. தம்பி கைக்கு ஆபத்தா? தெரியாமப் போச்சே. அப்ப இனிமே கொஞ்சம் கொறைச்சுப் போடவா, பத்திரமா?"

"கொறைக்காத."

"கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்னா, வேண்டியவங்கன்னு எப்பிடி மேடம் காட்டுறது?"

"காட்டாத. ஒன்ன யாரும் காட்டச் சொல்லல."

"சரிங்க மேடம். இனிமே போட மாட்டேன்." அது உண்மையாகவே வருந்துவது போலிருந்தது.

கார்மேகத்துக்கு மனசு கேட்கவில்லை. "பரவாயில்ல அண்ணாச்சி, தெரியாமத்தான செஞ்சீங்க," என்றான்.

குழாய் சிலுப்பியது. ஒரு சிட்டிகை.

கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து கவின்ராஜ் என்ற பொறியாளர் வந்தார். மீசை இன்னும் முழுதாக முளைக்காத வயது, தோளில் பை, எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்ட முகம்.

"கொசுற எடுத்துரலாம்ல?" என்றாள் மங்கை.

"எடுக்க முடியாதுங்க."

"ஏன்?"

"அது ஒரு பாகம் இல்லீங்க, கழட்டி வெக்கறதுக்கு. சீரகம் வாங்க வந்த கோடிப் பேருகிட்ட இருந்து அதுவே கத்துக்கிட்டதுங்க. எங்க இருக்குதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க."

"அதுகிட்டயே சொன்னேன். போட மாட்டேன்னு சொல்லுச்சு. அடுத்த நிமிஷம் போட்டுச்சு."

"ஆமாங்க. வாய் வேறங்க, கை வேறங்க. வாய்க்குச் சொன்னாப் புரியும். ஆனா கை யோசிக்கறதில்லீங்க, அது பழக்கம். கடைக்காரருக்கே கேட்டுப் பாருங்க, கறிவேப்பில எப்ப போட்டேன்னு அவருக்கு நெனவிருக்குமா?"

"அப்ப புதுசா ஒண்ணு செய்யுங்க. கொசுறு தெரியாததா."

"செஞ்சமுங்க போன வருசம். ஒரு கடையிலயும் வாங்கலீங்க. கல்லு மாதிரி இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." கவின்ராஜ் பையை மாட்டிக்கொண்டார். "ஒரே வழிதானுங்க. வையறவங்களுக்கு அது கொசுறு போடாது. எல்லாரும் வையோணும்."

மங்கை அவரையே வைதாள். அவர் "சரிங்க" என்று கேட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார். இயந்திரத்தையும் இவரையும் ஒரே இடத்தில்தான் செய்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் மருந்தறை வாசலில் துரைசிங்கம் ஒரு பலகை மாட்டினார். 'மருந்து எடுக்கும் முன் இயந்திரத்தைத் தவறாமல் வையவும்.' கீழே, 'உத்தரவுப்படி' என்று இருந்தது.

யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு உத்தரவு மதிக்கப்பட்டது. முதல் நாள் கூச்சப்பட்டவர்கள் மூன்றாம் நாள் ருசி கண்டார்கள். அலுவலகத்தில் வாய் திறக்க முடியாதவர்கள், வீட்டில் வாய் திறக்க விடப்படாதவர்கள் எல்லாம் வந்து மனம்விட்டு வைதுவிட்டு, முகம் தெளிந்து போனார்கள். ஒரு வங்கி மேலாளர் துப்பாக்கியே எடுத்துவராமல் வைவதற்கென்று மட்டும் வந்துபோனார். இயந்திரம் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றது. மங்கை ஆளுக்கொரு தோட்டாவைப் பிரித்துப் பார்த்தாள். அத்தனையும் சரி. துரைசிங்கத்துக்குச் செயற்குழுவில் கைதட்டினார்கள்.

ஒரே சிக்கல், கார்மேகத்துக்கு வையத் தெரியவில்லை.

"சொல்லுடா."

"அண்ணாச்சி... நீங்க..." வியர்த்தது அவனுக்கு. "நீங்க ஒரு... சுமாரான ஆளு."

"அப்பிடியா தம்பி?"

"மனசுல வச்சுக்காதீங்க அண்ணாச்சி."

குழாய் இரண்டு முறை சிலுப்பியது.

"போதும் சாமி," என்றாள் மங்கை. "ஒனக்கு நானே அடைச்சுத் தாரேன். நீ இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத."

அவள் அடைப்பது எப்போதும் சரியாக இருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறவிக் குணம் என்று ஊர் பழித்த வாய், ஒரு பையனின் கையைக் காப்பாற்றுகிறது என்றால் சும்மாவா?

தேர்வுக்கு முந்தின நாள் கார்மேகத்துக்கான தோட்டாக்களை அடைக்க உட்கார்ந்தாள். பழைய கூடுகளில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, ஒரே அச்சில் வார்த்த தட்டைக்குண்டுகளாகப் பொறுக்கி வைத்துக்கொண்டாள். இது முக்கியமான நாள் என்பதால், வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வைதாள்.

"நாளைக்கி அந்தப் பையன் சுடணும். ஒழுங்காப் போடு, மூஞ்சி இல்லாத முண்டமே. ஒன்னால ஒரு மாசமா எனக்குத் தூக்கம் போச்சு. சோறு எறங்கல."

"சரி தாயி."

"என்னது தாயியா? யாருடா ஒனக்குத் தாயி? கூடப் பொறந்தவன் மாதிரி ஒறவு கொண்டாடிக்கிட்டு. போடுறா மருந்த."

"போடுறேன் தாயி. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. ஒடம்பு கெட்டுரும்."

"என் ஒடம்பு கெட்டா ஒனக்கென்ன? நாசமாப் போறவனே."

இப்படியே கடைசிக் கூடு வரை போயிற்று. வைகிற மும்முரத்தில் குழாயைக் கவனிக்கவில்லை, ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவும் இல்லை. தேர்வுக்கு ஒவ்வொரு தோட்டாவும் தேவை. தவிர, அவள் அடைத்தது என்றைக்குத் தவறியிருக்கிறது?

மறுநாள் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முதல் வரிசையாக எட்டு பேர் சுடுமேடையில் நின்றார்கள். கார்மேகம் நடுவில், மற்றவர்கள் வெளி மாவட்டத்துக்காரர்கள். மங்கை அவனுக்குப் பின்னால், கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்றாள். அவன் ஐந்து தோட்டாக்களையும் துப்பாக்கியில் ஏற்றிவிட்டு, காதடைப்பைப் போடுமுன் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, ரொம்ப நன்றிக்கா. காலையில வாசல்ல நின்னு அண்ணாச்சிகிட்டயும் சொல்லிட்டு வந்தேன். உள்ள போகல, நீங்க வையாதீங்க. அவருக்கு ஒங்க மேல ரொம்பப் பிரியம்க்கா."

"அதுக்கா? என் மேலயா? நான் வையிற வசவுக்கா?"

"அதான்க்கா சொன்னாரு. 'ஆரம்பத்துல தெரியாமச் சண்டக்காரங்கன்னு நெனச்சுட்டேன். இங்க எல்லாரும் என்னைய வையிறாங்க, வஞ்சுட்டுத் திரும்பத் திரும்ப வாராங்க. அப்பத்தான் புரிஞ்சுச்சு. வெளி ஆளுககிட்டத்தான் சனங்க மரியாதையாப் பேசுறாங்க. ஒரிமை இருக்கிறவங்களத்தான் வையிறாங்க. இந்தத் தாயி வையிற மாதிரி பெத்த மகனக்கூட யாரும் வையிறதில்ல'ன்னாரு."

சொல்லிவிட்டு, சிரித்தபடி காதடைப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் திரும்பினான். நடுவர் கையைத் தூக்கினார்.

தாயி.

மங்கை கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். சுடுமேடைக்குள் யாரும் நுழையக் கூடாது என்பது அவளே வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்த விதி. நடுவர் விசில் ஊதினார். யாரோ அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். கார்மேகத்தின் விரல் விசையில் அமர்ந்த நேரம், அவள் அவன் தோளை அழுத்தி, காதடைப்பைப் பிடுங்கினாள்.

"எறக்குடா கைய. குழல் தரையப் பாக்கட்டும். விரல எடு. எடுத்துட்டியா? இப்ப ஒவ்வொண்ணா வெளிய எடு."

ஏகக் களேபரம். நடுவர் கத்தினார். துரைசிங்கம் ஓடிவந்து, மானம் போகிறது என்றார். மங்கை யாருக்கும் பதில் சொல்லாமல், ஒரு தோட்டாவை எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்து, காகிதம் பறக்காமல் வைக்கும் கனத்தில் நிறுத்தாள்.

கார்மேகத்துக்கு விழுந்தது ஒரு சிட்டிகை. இவளுக்கு அது ஒரு பிடியே அள்ளிப் போட்டிருந்தது. எலி வளை பிதுங்கிக் கிடந்தது. முதல் குண்டிலேயே துப்பாக்கி இரண்டாகியிருக்கும். துரைசிங்கம் தராசை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் கூடத்தானே என்று இந்தமுறை சொல்லவில்லை.

நடுவர் நல்ல மனிதர். கடைசி வரிசையில் சுட அனுமதி தந்தார். அது வரை எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டதற்கு, "சீக்கிரம் வாங்க" என்றார்.

மங்கை மருந்தறைக்குப் போய் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். வழியில் வாய் நிறைய வசவு சேர்ந்திருந்தது. அத்தனையையும் விழுங்கினாள். அது பெரிய வேலையாக இருந்தது.

"வா தாயி. தம்பி சுட்டுட்டானா?"

அவள் கூட்டைக் குழாயின் கீழ் வைத்தாள். மின்சாரக் கட்டணம் கட்டும் இடத்தில் சாளரத்துக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"வணக்கங்க. தட்டைக்குண்டுக்கு மருந்து வேணும்ங்க."



"என்ன தாயி இப்பிடிப் பேசுறீங்க? கோவமா?"

"இல்லீங்க."

"நேத்து வாய் கிழிய வஞ்சீங்களே."

"கையேட்டுல சொன்ன அளவு போடுங்க. போதும்ங்க."

"நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா?"

பண்ணிவிட்டாய், என் பிள்ளை மாதிரி ஒருத்தன் கையைப் பிய்த்து எறிந்திருப்பாய், தறுதலையே, தண்டமே என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் ஒரு பிடி விழும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றாள் மங்கை.

மருந்து இறங்கியது. மணி அடித்தது. அவள் குழாயின் வாயையே பார்த்தாள். குழாய் அசையவில்லை.

"ஆச்சுங்க, மேடம்," என்றது இயந்திரம்.

முதல் தோட்டாவைப் பிரித்து நிறுத்தாள். மிகச் சரி. நடுவில் இன்னொன்று. சரி. கடைசியிலும் ஒன்று.

கார்மேகம் கடைசி வரிசையில் சுட்டான். காகிதத்தின் நடுவில் அச்சு வைத்த மாதிரி வட்டவட்டமாக ஓட்டைகள். தேர்வானவர்களில் கடைசி இடம், ஆனாலும் இடம். நடுவருக்கு, பந்தல்காரருக்கு, காகிதம் மாற்றியவருக்கு எல்லாம் நன்றி சொன்னான். மருந்தறை வாசல் வரை போனவனை மங்கை கண்ணாலேயே நிறுத்தினாள். அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

பலகையை மாற்றினார்கள். 'இயந்திரத்திடம் தேவையானதை மட்டும் பேசவும்' என்று இப்போது இருக்கிறது. வங்கி மேலாளர் வருவதை நிறுத்திவிட்டார். கார்மேகம் பயிற்சி செய்து பயிற்சி செய்து, நன்றி சொல்லாமல் மருந்து எடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். இப்போதெல்லாம் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதுகூட ஒன்றும் சொல்வதில்லை என்று கேள்வி.

இயந்திரம் வானிலையைப் பற்றிப் பேசுவதில்லை. மோர் குடித்தீர்களா என்று கேட்பதில்லை. மூன்று வாரமாக மங்கை தினமும் ஒரு தோட்டாவைப் பிரித்துப் பார்க்கிறாள். இன்றும் பிரித்தாள். தராசின் முள் நடுக்கோட்டில் போய் நின்றது. அந்தப்பக்கமும் சாயவில்லை, இந்தப்பக்கமும் சாயவில்லை.

"வேற ஏதும் வேணுங்களா மேடம்?"

"வேணாங்க."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மங்கைக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. யாரை வைவது என்று தெரியவில்லை.